பகலில் அடித்த வெல்டிங், ராத்திரியில் எரியும் கண்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் படிக்கிறான். லீவில் அப்பாவுக்கு உதவியாகப் போவான். போன வாரம் ஏற்காட்டில் ஒரு காட்டேஜுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி மாட்டும் வேலை. மதியத்திலிருந்தே பனிமூட்டம், வெயிலே இல்லையாம். சாயங்காலம் நன்றாகத்தான் இறங்கி வந்தான், சாப்பிட்டான், படுத்தான். ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று அலறினான். இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றான். தண்ணீராக ஊற்றியது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டோம். கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார். அதை விட்டதும் ஒரே நிமிடத்தில் வலி போய்விட்டது. அரை மணி நேரத்தில் மறுபடி வந்தது, மறுபடி விட்டோம். விடிவதற்குள் ஏழெட்டுத் தடவை விட்டிருப்போம். இப்போது சரியாகிவிட்டது. ஆனால் பயமாக இருக்கிறது. அவனுக்குப் பார்வை ஏதாவது ஆகுமா? வெயிலே இல்லாத இடத்தில் இது எப்படி வந்தது? இருபது வருடமாக வெல்டிங் அடிக்கிற இவருக்கும் கண்ணைக் காட்ட வேண்டுமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வந்து, ஓரிரு நாளில் வலி முழுக்கப் போய், பார்வையும் பழையபடி தெளிவாக இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. வெல்டிங் வெளிச்சத்தால் வரும் இந்தக் காயம் அநேகமாக எல்லோருக்கும் தழும்பு இல்லாமல் ஆறிவிடும். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அந்தச் சட்டைப்பை மருந்துதான். அதற்கு வருவதற்கு முன் அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

வெல்டிங் ராடு பற்றும்போது வருகிற வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்குதான். கூடவே புற ஊதாக் கதிரும் கொட்டுகிறது. சூரியனிலும் புற ஊதா உண்டு. ஆனால் அதில் மிகக் கொடிய அலைநீளங்களை மேலே இருக்கும் ஓசோன் படலமும் காற்றும் வடிகட்டிவிடுகின்றன. பட்டறையில் ராடுக்கும் பையன் முகத்துக்கும் நடுவே எந்த ஓசோன் படலம் இருக்கிறது? ஒரு கை நீளக் காற்றுதான். அந்தத் தூரத்தில் மறைப்பு இல்லாமல் பார்த்தால், மொத்தமாகச் சில விநாடிகள் சேர்ந்தாலே பாதுகாப்பு வரம்பு தாண்டிவிடும். 'மொத்தமாக' என்பதைக் கவனியுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாள் ஒரு டேக்குக்கு, அதாவது ஒரு புள்ளி பற்றவைப்பதற்கு, அரை விநாடி பார்த்திருப்பான். அடுத்த டேக்குக்கு இன்னொரு அரை விநாடி. இப்படி நாள் முழுக்கச் சேர்ந்தது எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும்.

பையன் வலியே இல்லாமல் சாப்பிட்டுப் படுத்ததுதான் உங்களுக்கு ஆச்சரியம். இந்தக் காயத்தின் குணமே அதுதான். கருவிழியின் மேல் ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆன ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் கனம். புற ஊதாக் கதிரை முதலில் வாங்கிக்கொள்வது அந்தத் தோல்தான். அடி வாங்கிய செல்கள் அந்த நிமிடமே விழுந்துவிடாது. மெதுவாகச் செத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் புள்ளி புள்ளியாக உதிரத் தொடங்கும். உதிர்ந்த இடத்தில் நரம்பு நுனிகள் வெளியே தெரியும். உடம்பில் கருவிழியைப் போல நரம்பு நெருக்கமாக இருக்கும் இடம் வேறு கிடையாது. அதனால்தான் மதியம் பட்ட அடி நடுராத்திரியில் எழுப்புகிறது. மணல் கொட்டின மாதிரி உறுத்தல், விளக்கைப் பார்க்க முடியாத கூச்சம், நிற்காத கண்ணீர், தானாக இறுக மூடிக்கொள்ளும் இமை என்று நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லிவிடலாம். நாங்கள் நேரில் பார்த்தால் ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றை விட்டு நீல வெளிச்சத்தில் சோதிப்போம். திறந்த இமைகளுக்கு நடுவில் இருக்கும் பகுதி முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக மின்னும்.

வெயில் இல்லையே என்ற கேள்விக்கு: வெயிலுக்கும் இதற்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் டவுன் ஏறக்குறைய 280. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது உண்மைதான். லேசான மேகமும் மூட்டமும் வெளிச்சத்தைக் குறைக்கிற அளவுக்குப் புற ஊதாவைக் குறைப்பதில்லை என்பதும் உண்மை. மலையில் குளிர் இருப்பதால் தோல் காய்வது தெரியாமல் டூரிஸ்ட்டுகள் கருத்துப்போய் இறங்குவது அதனால்தான். ஆனால் அந்தக் கூடுதல் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு இப்படிக் கண் வேகாது. சூரியனால் இந்தக் காயம் வர, பெரும்பாலும் கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பனிப்பாறை வேண்டும். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். புல்தரை பத்து சதவீதம்கூட அனுப்பாது. சேர்வராயன் மலையில் பனிமூட்டம் உண்டு, பனிப்பாறை கிடையாது.

அன்றைக்கு வேறு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். எஸ்.எஸ். வேலை என்றால் ஆர்கான் வாயு விட்டு அடிக்கும் வெல்டிங்தானே? சாதா ராடு வெல்டிங்கில் எழும் புகை கொஞ்சம் புற ஊதாவை மறைத்துவிடும். ஆர்கானில் புகை குறைவு, பளபளப்பு சுத்தமாக இருக்கும், கதிரும் அப்படியே வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் எஸ்.எஸ். குழாயும் தகடும் அதைத் திருப்பி வேறு அடிக்கும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன் என்று பையன் சொன்னாலும் பக்கவாட்டில் வாங்கியிருப்பான். மூட்டத்தில் இடம் இருட்டாக இருந்ததால் ஜாயின்ட் சரியாகத் தெரியாமல் கிட்டே குனிந்தும் பார்த்திருக்கலாம். இது என் ஊகம், அவனைக் கேட்டுப் பாருங்கள்.

இதே சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசு பற்றவைக்கிறவர்கள் நாள் முழுக்க ஊதுகுழல் தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் காய்ச்சல், சூடு, தீப்பொறி என்று வேறு தொல்லைகள் உண்டு. இந்த நடுராத்திரி வலி வருவதில்லை. கேஸ் தீயின் சூடு அவ்வளவு புற ஊதாவை உண்டாக்கப் போதாது. மின்சார வெல்டிங்கின் சூடு வேறு தரம்.

இனி அந்த மருந்து. விட்ட ஒரு நிமிடத்தில் வலி போகிறது, கால் மணி அரை மணியில் திரும்புகிறது என்றால் அது ஏறக்குறைய நிச்சயமாக மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து. ப்ரோபராகெய்ன் அல்லது லிக்னோகெய்ன் என்று லேபிளில் போட்டிருக்கும். கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுக்கும்போது நாங்கள் ஒரு சொட்டு விடுவோமே, அதுதான். எங்கள் மேஜையை விட்டு வெளியே போகக்கூடாத மருந்து. ஆனால் சேலத்தில் மட்டுமில்லை, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகள் வரைக்கும் சட்டைப்பையிலும் டூல் பெட்டியிலும் இது கிடக்கிறது. மெடிக்கலில் 'வெல்டிங் அடிச்ச மருந்து' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற விஷயங்களில் இது ஒன்று, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அது வலியை மட்டும்தான் நிறுத்துகிறது, காயத்தை ஆற்றுவதில்லை. திருடன் வந்ததற்குக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டுகிற வேலை. அதோடு நின்றாலும் பரவாயில்லை. உதிர்ந்த தோலை மூடப் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து பெருக வேண்டும். இந்த மருந்து அந்தச் செல்களை நகர விடாது, பெருக விடாது. கண் மரத்திருப்பதால் இமை சரியாகச் சிமிட்டாது, மேற்பரப்பு காயும். வலி இல்லை என்று ஆள் கண்ணைக் கசக்குவார், தூசியில் வேலைக்கும் போவார். இரண்டு நாளில் தானாக ஆறியிருக்க வேண்டிய காயம் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். கருவிழியில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும், பிறகு அந்த இடம் கரையத் தொடங்கும். ஓட்டை விழுந்த கண்களும் உண்டு. வெல்டிங் வெளிச்சம் பறிக்காத பார்வையை இந்தச் சின்னக் குப்பி பறித்துவிடும். ஒரு ராத்திரி ஏழெட்டுச் சொட்டோடு நின்றது உங்கள் பையனின் நல்ல நேரம். இருந்தாலும் ஒருமுறை கூட்டிப்போய்க் கருவிழி முழுக்க மூடிவிட்டதா என்று சாயம் விட்டுப் பார்த்துவிடுங்கள். வலி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொரு வகைக் குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது. சிவப்பு வடிய என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த மருந்து. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் உதிர்ந்த கருவிழியில் அதை விட்டால் கிருமிக்கு, குறிப்பாகப் பூஞ்சைக் காளானுக்கு, கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குக் காளான் ஒரு பெரிய காரணம். வயல் வேலையும் தூசியும் இருக்கிற ஊர் நம்முடையது.

தாய்ப்பால் விட்டதற்காக உங்களைத் திட்டப்போவதில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கருவிழித் தோல் உதிர்ந்திருக்கும் நேரத்தில் கிருமி நீக்கம் செய்யாத எதுவும் உள்ளே போகக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எல்லாமே இதில் அடக்கம். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மூடிய இமைமேல் வைப்பது வேறு விஷயம். அது குளிர்ச்சிதான், கெடுதல் இல்லை. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வைத்தாலும் அதே பலன்.

அப்படியானால் ராத்திரி ஒரு மணிக்கு என்னதான் செய்வது? அறையை இருட்டாக்குங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த துணி. ஒத்துக்கொள்ளும் என்றால் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன் மாத்திரை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இபுபுரூஃபன் வேண்டாம். கண்ணீர் போன்ற சொட்டு மருந்து, அதாவது வறண்ட கண்ணுக்குப் போடும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், வீட்டில் திறக்காத குப்பியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விடலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் கழற்றி வைத்துவிட்டு முழுக்க ஆறும் வரை தொடக்கூடாது. விடிந்ததும் கண் டாக்டர். கிருமி தொற்றாமல் இருக்க ஆன்டிபயாட்டிக் மருந்தும், தேவைப்பட்டால் உள்தசை இறுக்கத்தைத் தளர்த்தும் சொட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆறிவிடும். அதுவரை பைக் ஓட்டக்கூடாது. ஏற்காட்டிலேயே தங்கி வேலை செய்கிறவருக்கு ராத்திரி இப்படி ஆனால், அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்க நினைக்கவே வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் அது வெளிச்சம் இல்லை, துகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிரைண்டர் ஓட்டினாரா, கட்டிங் வீல் பிடித்தாரா என்று கேளுங்கள். கருவிழியில் குத்தி நிற்கும் இரும்பு ஒரு நாளுக்குள்ளேயே சுற்றிலும் துருப்பிடிக்கும். அதைத் தீக்குச்சி முனையால் எடுக்கும் நிபுணர் ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் தலையைக் கொடுக்க வேண்டாம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ், இரண்டு நாளாகியும் குறையாத வலி, மங்கும் பார்வை இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். தனியார் மருத்துவமனைக்குச் செலவு செய்ய முடியாதென்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது.

வலியே இல்லாமல், பார்க்கிற இடத்தின் நடுவில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு அல்லது வளைவு தெரிந்தால் அது கருவிழி இல்லை, விழித்திரை. வெல்டிங்கையோ சூரியனையோ உற்றுப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், முக்கியமாக நீலப் பங்கு, உள்ளே போய்க் குவிந்து சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அது எப்போதும் முழுக்க ஆறும் என்றும் சொல்ல முடியாது. 2019 டிசம்பர் 26-ம் தேதி ஈரோடு, கோவை பக்கமெல்லாம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான். கழுவின எக்ஸ்ரே பிலிமை மடித்து வைத்து வெல்டிங் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கிரகணத்துக்கே ஆகாதது வெல்டிங்குக்கு எப்படி ஆகும்?

பட்டறைக்கு வருவோம். வெல்டிங் அடிப்பவரை விட அதிகம் அடி வாங்குவது பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாள்தான். முகத்தை மறைக்கும் ஷீல்டு ஒன்றுதான் இருக்கும், அது அடிப்பவர் கையில். பையனுக்குத் தனி ஷீல்டு வாங்குங்கள். கருப்புக் கண்ணாடி 10-லிருந்து 12 நம்பருக்குள், ஓடுகிற ஆம்பியருக்குத் தகுந்த மாதிரி. விரிசல் விழுந்த கண்ணாடியைச் செல்லோடேப் ஒட்டி ஓட்ட வேண்டாம், கண்ணைக் கெடுக்க அந்த விரிசல் வழியாக வருவது போதும். தானாக இருளும் ஹெல்மெட் நல்லது. அது இருளாமல் தெளிவாக இருக்கும்போதும் புற ஊதாவைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் முத்திரை உள்ள தரமான சரக்காக இருக்க வேண்டும். ஷீல்டுக்கு உள்ளே பக்கவாட்டு மறைப்புள்ள பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று போட்டால், ஷீல்டைத் தூக்கியிருக்கும் நேரத்தில் பக்கத்து ஆளின் வெல்டிங் அடிப்பதற்கும் கிரைண்டர் பொறிக்கும் அது காவல். பாலிகார்பனேட் நிறமில்லாமல் இருந்தாலும் புற ஊதாவை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கும். அதை மட்டும் போட்டுக்கொண்டு வெல்டிங்கைப் பார்க்கக் கூடாது, விழித்திரைக்கு அது போதாது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் விற்கும் கூலிங் கிளாஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெல்டிங் பக்கமே போகாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு பெரிய கொண்டாட்டத்துக்குப் போய்வந்தவர்கள் சிலர் ராத்திரி கண் எரிச்சலோடு எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அலங்காரத்துக்கு வைத்த விளக்குகளில் சில புற ஊதா வீசியதுதான் காரணமாக இருக்கும் என்று நடத்தியவர்களே பிறகு அறிவித்தார்கள். நம் வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குள் ஸ்டீல் குழாயில் அடைத்த புற ஊதா டியூப் இருக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய கிருமிநாசினி விளக்குகளும் சில ஆபீஸ்களில் மூலையில் கிடக்கின்றன. வெளிர்நீலமாக, சாதுவாகத்தான் எரியும். எரிகிறதா என்று திறந்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். இருபது வருடம் என்கிறீர்கள், நாற்பது தாண்டியிருப்பார். வெள்ளெழுத்து வந்த வெல்டருக்கு ஷீல்டுக்குள் ஜாயின்ட் தெரியாது. அதனால் பற்ற வைக்கும் நொடி வரை ஷீல்டைத் தூக்கிப் பிடித்திருப்பார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாங்குவார். அவருக்குத் தேவை படிக்கும் கண்ணாடி. ஷீல்டுக்குள் பொருத்துகிற பெரிதாக்கும் லென்ஸும் கிடைக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த புற ஊதாவால் கண்ணில் சதை வளர்வதும் கண்புரை சீக்கிரம் வருவதும் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். அவர் பையில் இருந்ததில் ஸ்டீராய்டும் இருந்திருந்தால் கண் அழுத்தத்தைக் கண்டிப்பாக அளக்க வேண்டும். ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தம் வலிக்காமலே பார்வை நரம்பை அரித்துவிடும். அதனால் ஆமாம், அவரும் வரவேண்டும். குப்பியையும் எடுத்து வரட்டும், லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.